இருதயராஜ் பெயரில் ஒரு வரி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஆசிரமம் கோயமுத்தூர் பீளமேட்டில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டாவது மாடி. காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும், இந்தப் பக்கம் நான். காதை மூடிக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

குருவின் பெயர் தமயந்தி. கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை. "இது ஏன் ஓட மாட்டேங்குது?" என்று போய் நின்றால், "எப்ப வரைக்கும் ஓடுச்சு?" என்பார். சாமியாரம்மா என்று ஆபீசில் அவருக்குப் பெயர். அவருக்கும் அது தெரியும்.

சீடர் நாச்சிமுத்து, டுடோரியல் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். டுடோரியலை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் புரோகிராம் கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரைக் கூட்டி வந்தது இருதயராஜ். இரண்டு பேரும் ஒரே தெரு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இருதயராஜ் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் எதை மாற்றினாலும் அது பதிவாகும். யார் மாற்றியது, என்றைக்கு, எதற்காக என்று ஒரு குறிப்போடு. அதற்குக் கமிட் என்று பெயர். அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். வேண்டுமென்றால் எந்தக் கமிட்டுக்கும் திரும்பிப் போய் அன்றைக்கு எல்லாம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். இந்த வரலாறு ஒரே இடத்தில் பூட்டி வைத்திருப்பதல்ல, ஒவ்வொருவர் மிஷினிலும் முழுசாக இருக்கும். நான் புதிதாக எழுதும் கமிட் முதலில் என் மிஷினில் மட்டும்தான் இருக்கும். நானாக அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் போகும்.

அந்த வருடம் மே மாதம் ஒரு குழந்தை இறந்தது.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. அறுநூற்றிருபது கிராம். ஆறு நாள்தான் இருந்தது, பெயர்கூட வைக்கவில்லை. எடைக்குத் தக்கபடி மருந்தின் அளவைச் சொல்வது எங்கள் சாஃப்ட்வேர். அது ஒரு கிலோக் குழந்தைக்கு உண்டான மருந்தைச் சொன்னது. நர்ஸ் அதை நம்பினார். நம்பத்தானே விற்றிருந்தோம்.

விசாரணைக் குழு வந்தது. எந்த வரியில் தவறு, யார் எழுதியது, எப்போது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை, தேடும் வேலையை நான் செய்கிறேன் என்று நாச்சிமுத்துவே முன்னால் வந்தார்.

"மூவாயிரத்து எண்ணூறு கமிட் இருக்குதுங்க மேடம். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?"

"டிக்‌ஷனரில ஒரு வார்த்தையை எப்படிச் சார் தேடுவீங்க?"

கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வரலாற்றின் நடுவில் ஒரு கமிட்டுக்குப் போனார். அறுநூற்றிருபது கிராம் என்று கொடுத்துப் பார்த்தார். ஒரு கிலோ என்று வந்தது. "தப்பு" என்றார். அப்படியென்றால் கோளாறு அதற்கு முன்னால் புகுந்திருக்க வேண்டும். முன்பாதியின் நடுவுக்குப் போனார். அறுநூற்றிருபது அறுநூற்றிருபதாகவே வந்தது. "சரி" என்றார். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டு தடவையில் முடிந்துவிடும். விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி சரி, தப்பு என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது தடவை குரல் வரவில்லை.

நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கமிட் நின்றிருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி ஒன்பதாம் தேதி. எழுதியவர், இருதயராஜ். குறிப்பு, 'எடை முழு எண்ணாக்கப்பட்டது. விடை சரிபார்க்கப்பட்டது.'

"யாருது சார்?" என்று தமயந்தி தன் இடத்திலிருந்தே கேட்டார்.

"இருதயராஜுன்னு போட்டிருக்குதுங்க."

தமயந்தி வந்து குனிந்து அந்தக் குறிப்பைப் படித்தார். தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

அதை எழுதியது இருதயராஜ் இல்லை. எனக்கே அது வியாழக்கிழமைதான் தெரிந்தது. எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று மாதம் மிஷின் தர மாட்டார்கள். யாராவது ஒருவர் மிஷினில் ஒண்டுக்குடித்தனம் இருக்க வேண்டும். மிஷின் யாருடையதோ அவர் பெயர்தான் கமிட்டில் விழும். இருதயராஜ் டயாலிசிஸுக்குப் போகும் மத்தியானங்களில் நாச்சிமுத்து அவர் இடத்தில் உட்கார்ந்து வேலை பழகினார். எடைக்குப் பின்னால் புள்ளி வைத்து ஏழெட்டு இலக்கம் நீளமாக வந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. அரைக்கு மேலே இருந்தால் ஒன்றாக்கு, கீழே இருந்தால் விட்டுவிடு என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். திரையில் தெரிவதை மட்டும் சுருக்கியிருக்கலாம். எடையையே சுருக்கிவிட்டார்.

பெரியவர்களுக்கு அரைக் கிலோ ஒரு பொருட்டில்லை. நான்கு வருடமாக அந்த வரி யாரையும் தொடவில்லை. ஏப்ரலில் அந்த ஆஸ்பத்திரி குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு திறந்தது.

முதலாளிக்குத் திங்கட்கிழமை சாயங்காலமே முகம் தெளிந்துவிட்டது. செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ரிப்போர்ட்டில் பெயர் வரும் என்று இருதயராஜின் மனைவிக்கு மரியாதைக்கு ஒரு போன் போட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா நேரிலேயே வந்தார். செசிலி. வெயிலில் பஸ் ஏறி, இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். முதலாளி அறைக்குப் போகவில்லை. நேராக நாச்சிமுத்துவிடம் வந்தார்.

"அண்ணா, எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது."

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"நீங்க அவரு பக்கத்துலயே இருந்தவங்க. உங்களத்தான் கேக்க முடியும். அவரு கையாலயா அந்தப் புள்ள போச்சு?"

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார்.

"ரெக்கார்டுல அப்படித்தாம்மா இருக்குது."

செசிலி தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார். அழவில்லை.

"நம்ம அனிதா நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்கிறா. பேருக்குப் பின்னால அவங்கப்பா பேருதான் இருக்கு. இத அவகிட்ட எப்படிண்ணா சொல்றது?"

"நான் என்னம்மா சொல்றது..."

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பாதி குடித்த தண்ணீர் டம்ளர் மேசையிலேயே இருந்தது. அன்று முழுக்க அதை யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை நாச்சிமுத்து டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குத் தமயந்தி அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க சார் இருக்கீங்க?"

"பிப்ரவரி எட்டாம் தேதிங்க."

"அங்க என்ன?"

"அறுநூத்திருவது குடுத்தா அறுநூத்திருவதுதாங்க வருது."

"எத்தனை தடவ குடுத்துப் பாத்தீங்க?"

நாச்சிமுத்து மறுபடியும் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து அங்க இருக்கீங்க?"

"காலைல இருந்துங்க."

"சரி. அங்கயே ஏதாவது ஒரு வரி எழுதுங்க. எழுதிக் கமிட் பண்ணுங்க."

அவர் எதையோ எழுதினார். கமிட் ஆனது.

"இப்ப இன்னைக்கு வாங்க."

நாச்சிமுத்து இன்றைய தேதிக்கு வந்தார். தன் வரியைத் தேடினார். மேலே போய்ப் பார்த்தார், கீழே போய்ப் பார்த்தார். எங்கும் இல்லை.

"நான் எழுதினதுங்க?"

"அங்க இருந்து எழுதினா இங்க வராது சார்."

"அங்க எல்லாம் சரியா இருக்குதுங்களே மேடம்."

"புள்ள?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தமயந்தி நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தமயந்தி மேல் கோபமாக வந்தது. இவ்வளவு தெரிந்தவர் இன்னும் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை, தமயந்தி பையைக் கீழே வைப்பதற்குள் நாச்சிமுத்து போய் நின்றார். முகத்தில் சவரம் இல்லை.

"மேடம், பழைய கமிட்டுல இருக்கிற பேர மாத்த முடியுங்களா?"

"முடியும்."

நேரான பதில். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பிப்ரவரி ஒம்பது கமிட்டுங்க. அதுல என் பேரு வரோணும்."

"ஏன் சார்?"

"எழுதினது நானுங்க." சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். "அவரு மிஷின்ல உக்காந்து எழுதினனுங்க. அவரு அன்னைக்கு டயாலிசிஸ்ல இருந்தாருங்க. அந்தப் பேர எடுத்துட்டு என் பேரப் போட்டுட்டா, நாளைக்கு ரிப்போர்ட்டுலயும் என் பேருதான வருமுங்க. செசிலிக்கும் தெரிஞ்சுடும். நான் போய் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லீங்க."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வேலையை நிறுத்திவிட்டேன். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். தன் தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்று கண் கலங்கியது. தமயந்தி கலங்கினதாகத் தெரியவில்லை.

"உக்காருங்க. மாத்திப் பாக்கலாம்."

முழு வரலாற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நகலில் வேலையை ஆரம்பித்தார். பிப்ரவரி ஒன்பதுக்குப் போனார். பெயரை மாற்றினார். திரை ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு பேர மாத்தறதுக்கு இவ்வளவு நேரமுங்களா?"

"ஒரு கமிட்டோட அடையாள எண்ணு எதுல இருந்து வருது சார்?"

"அதோட விஷயம், பேரு, தேதி. அப்புறம் அதுக்கு முந்தின கமிட்டோட எண்ணு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அப்ப இதுக்கு மேல இருக்கிறது எல்லாமே மாறுதுங்களா?"

"ரெண்டாயிரத்து எண்ணூறு."

ஓட்டம் நின்றது. பிப்ரவரி ஒன்பது. எழுதியவர், நாச்சிமுத்து. அதற்கு மேலே நாங்கள் இருபத்திரண்டு பேரும் நான்கு வருடமாகச் செய்த வேலை அத்தனையும் புது எண்களோடு நின்றது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது போல இருந்தது.

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார்.

"இது நெசமா சார்?" என்றார் தமயந்தி.

"நெசந்தானுங்க. நான்தான எழுதினேன்."

"உங்க பேர்லயா எழுதினீங்க?"

"இல்லீங்க."

"எழுதினது நீங்கன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"திங்கக்கெழமைங்க. குறிப்பப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சுங்க."

"செசிலி எப்ப வந்தாங்க?"

"செவ்வாய்க்கெழமைங்க."

"இந்தப் புது வரலாத்துல அந்தச் செவ்வாய்க்கெழம எங்க சார் இருக்கு?"

மாவு மில் ஓடும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

"இதப் படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" தமயந்தியின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "தப்புப் பண்ணினாரு, ஆனா அன்னைக்கே தன் பேரப் போட்டுட்டாருன்னு நெனப்பாங்க. நல்லா இருக்கு. ஈரோடு ஆபீஸ்ல ஒரு நகல் இருக்கு. ஆஸ்பத்திரில ஒண்ணு இருக்கு. இருதயராஜோட பழைய மிஷினை அவங்க வீட்டுக்கே குடுத்தோம், அதுல ஒண்ணு இருக்கு. அதுல எல்லாம் பழைய பேருதான் இருக்கும். எது உண்மைன்னு அவங்க பொண்ணு எதப் பாத்துத் தெரிஞ்சுக்கும்?"

நகலை அழித்தார். ஒரே கட்டளையில் அது போயிற்று.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆள் ஆபீசில் உட்கார்ந்து அழுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று நிமிர்ந்தார்.

"மேடம், உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"திங்கக்கெழம. இருதயராஜ் என்னைக்குச் சார் ரெண்டு வார்த்தைக்கு மேல குறிப்பு எழுதினாரு?"

"செவ்வாய்க்கெழம அந்தம்மா இங்க வந்து நின்னப்ப நீங்களும் இங்கதான இருந்தீங்க."

"இருந்தேன்."

"ஏனுங்க சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." பிறகு, "என் செவ்வாய்க்கெழமயும் அதுல இல்லதான்" என்றார்.

அதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது. இருந்தாலும் அதற்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சீடருக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு பொம்பளை அந்தப் படியில் அப்படி இறங்கிப் போயிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

"நான் என்ன பண்ணோணுமுங்க?" என்றார் நாச்சிமுத்து.

"பழசு இருக்கிற மாதிரியே இருக்கட்டும். இன்னைக்குத் தேதி போட்டு மேல ஒண்ணு எழுதுங்க."

"என்னனு எழுதறதுங்க?"

"நடந்தத."

தமயந்தி தன் இடத்துக்குப் போய்விட்டார். எடையை முழு எண்ணாக்கும் அந்த வரி அதுவரை அப்படியேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சாஃப்ட்வேரை நிறுத்தி வைத்திருந்தார்கள், திருத்தம் யாரும் செய்யவில்லை. நாச்சிமுத்து அந்த வரியை எடுத்தார். அது ஒரு நிமிஷ வேலை. பிறகு குறிப்பு எழுத உட்கார்ந்தார். அதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. எழுதுவார், அழிப்பார். ஜன்னலைப் பார்ப்பார். ஒரு தடவை நீளமாக எழுதி, அதில் வறுமை, டுடோரியல் மூடியது, மிஷின் தராதது எல்லாம் வந்துவிட்டதைப் பார்த்து, அத்தனையையும் அழித்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு தமயந்தியைக் கூப்பிட்டார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். வகுப்பில் படிக்கிற குரல் இல்லை அது.

"எடையை முழு எண்ணாக்கும் வரி நீக்கப்பட்டது. நான்கு வருடம் முன்பு பிப்ரவரி ஒன்பதாம் தேதி அதை எழுதியவன் நான், நாச்சிமுத்து. இருதயராஜின் மிஷினில் அவர் இல்லாதபோது எழுதினேன். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இந்த வரியால் ஆறு நாள் குழந்தை ஒன்று இறந்தது. திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை இருதயராஜின் மனைவி செசிலி என்னிடம் நேராகக் கேட்டார். தெரிந்தும் மறைத்தேன். புதன்கிழமையும் மறைத்தேன்."

தமயந்தி ஒரு சொல்லையும் திருத்தச் சொல்லவில்லை.

நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். கமிட் ஆனது. எழுதியவர் பெயர், இன்றைய தேதி, நேரம், எல்லாம் வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாகத் தோள் இறங்கியது.

"முடிஞ்சுதுங்க மேடம்" என்றார். "நாலு நாளா நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தானுங்க மூச்சு விடறேன்."

தமயந்தி திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இது இன்னும் உங்க மிஷின்ல மட்டுந்தான் சார் இருக்கு."